மூளைக்கு மேப் போட்டவர்... அக்காவைக் காப்பாற்ற முடியாத ஒரு தம்பியின் கதை!

ஆபரேஷன் தியேட்டர். ஒருவர் படுத்திருக்கிறார். மண்டை ஓட்டின் ஒரு பகுதி திறந்திருக்கிறது. மூளை வெளியே தெரிகிறது. ஆனால், அவர் மயக்கத்தில் இல்லை. டாக்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏதோ த்ரில்லர் படத்தோட சீன் மாதிரி இருக்கா? இது சினிமா இல்லைங்க. 1930-களில் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் நிஜமாகவே நடந்தது.

மூளையில் சிப் பொருத்திக்கொண்ட ஒருவர், மனதில் நினைத்தாலே கம்ப்யூட்டர் கர்சர் நகர்கிற வீடியோவை நீங்க போனில் பார்த்திருப்பீங்க. அந்த சிப்பை மூளையில் எந்த இடத்தில் வைக்கணும்னு டாக்டர்களுக்கு எப்படித் தெரியும்? கையை அசைக்கிற இடம் எது, பேச்சுக்கான இடம் எது என்று யாரோ ஒருவர் முன்னாடியே தேடிக் குறித்து வைத்திருக்கணும் இல்லையா? அந்த வேலையில் பெரும்பங்கு செய்தவர்தான் வைல்டர் பென்ஃபீல்ட்.

பாடப்புத்தகத்தில் ஒரு படத்தின் மூலமாக அவரைச் சந்தித்திருக்கலாம். அவர் ஏன் அந்த வேலையில் இறங்கினார் என்பதுதான் நீங்க தெரிஞ்சுக்க வேண்டிய கதை. அதில் அவருடைய அக்கா இருக்கிறார்.

அம்மா கண்ட கனவு

1891 ஜனவரி 26. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்தில் பிறந்தார் பென்ஃபீல்ட். அப்பா டாக்டர். ஆனால், தொழில் ஒருகட்டத்தில் படுத்துவிட்டது. வைல்டருக்கு 8 வயதாகும்போது அம்மா ஜீன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊரிலிருந்த தன் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார்.

வைல்டருக்கு 13 வயதிருக்கும்போது, ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க வைக்கும் ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் பற்றி அம்மாவுக்குத் தெரியவருகிறது. படிப்பு மட்டும் போதாது, விளையாட்டிலும் கெட்டியாக இருக்கணும் என்பது அதன் விதி. இது என் பையனுக்குத்தான் என்று அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வைல்டர், அமெரிக்கன் ஃபுட்பால், மல்யுத்தம் என்று உடம்பையும் முறுக்கேற்றினார். அப்பா டாக்டர் என்பதாலேயே டாக்டர் தொழில் வேண்டாம் என்றிருந்த பையன், அங்கேதான் மனசு மாறினார். ஸ்காலர்ஷிப்பும் கிடைத்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்குக் கிடைத்த குரு சார்லஸ் ஷெரிங்டன். நரம்புகள் எப்படி வேலை செய்கின்றன என்ற ஆய்வுக்காகப் பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். மூளை என்பது யாரும் முழுசாகப் போய்ப் பார்க்காத ஒரு கண்டம் என்ற எண்ணம் பென்ஃபீல்டுக்குள் விழுந்தது இவரிடம் படித்தபோதுதான்.

செத்துட்டார்னு செய்தி வந்தது!

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1916 மார்ச் 24 அன்று, பிரான்ஸில் செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் வேலை பார்ப்பதற்காக சஸெக்ஸ் என்ற பயணிகள் கப்பலில் ஏறினார் பென்ஃபீல்ட். நடுவழியில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் விட்ட டார்பிடோ, சஸெக்ஸின் முன்பகுதியையே பிய்த்துப்போட்டது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பென்ஃபீல்டுக்குக் காலில் பலத்த அடி. அவர் இறந்துவிட்டதாகவே ஊரில் செய்தி வந்துவிட்டது.

உயிர் பிழைத்தவரை, புகழ்பெற்ற டாக்டர் வில்லியம் ஆஸ்லர் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்தக் காயத்துக்குப் பிறகு பென்ஃபீல்ட் ஓடிய ஓட்டம் சாதாரணமானதில்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் பட்டம். பாஸ்டனில் ஹார்வி குஷிங்கிடம் பயிற்சி. நியூயார்க்கில் அறுவை சிகிச்சை. 1924-ல் ஸ்பெயினுக்குப் போய், மூளையின் செல்களுக்கு வெள்ளிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கலை. 1928-ல் அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ்.

பிரெஸ்லாவ்தான் அவர் வாழ்க்கையில் திருப்புமுனை. அங்கே ஆட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் என்ற டாக்டர், போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். மூளையில் காயம் ஆறிய இடத்தில் தழும்பு விழும். அந்தத் தழும்பால் வலிப்பு வரும். ஃபோர்ஸ்டர் நோயாளியை விழித்திருக்க வைத்தே மூளையைத் திறந்து, மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்து, தழும்பை மட்டும் வெட்டி எடுத்தார். பலருக்கு வலிப்பு நின்றது.

விழித்திருக்கும்போதே எப்படி என்று பதறாதீங்க. தோலுக்கும் அதைச் சுற்றியிருக்கும் பகுதிக்கும்தான் வலி தெரியும். மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு கிடையாது. பல் பிடுங்கும்போது போடுகிற மாதிரி, மரத்துப்போகும் ஊசியைத் தலைத்தோலில் போட்டால் போதும்.

இதைக் கற்றுக்கொண்ட கையோடு அதே வருஷம் மான்ட்ரியலின் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார் பென்ஃபீல்ட். உடன் நண்பர் டாக்டர் வில்லியம் கோன். வயது 37. புது ஊர், புது வேலை. அப்போதுதான் அக்கா வந்தார்.

அக்காவின் தலைவலி

ரூத்துக்கு 43 வயது. ஆறு பிள்ளைகளின் தாய். இளம் வயதிலிருந்தே தலைவலியும் அவ்வப்போது வலிப்பும் உண்டு. 1928-ன் கடைசியில் அது மோசமானது. பரிசோதித்துப் பார்த்த தம்பிக்குப் புரிந்துவிட்டது. மூளையின் முன்பகுதியில், வலது பக்கம் பெரிய கட்டி.

சொந்த ரத்தத்துக்கு ஆபரேஷன் செய்வதைப் பொதுவாக டாக்டர்கள் தவிர்ப்பார்கள். கை நடுங்கும், முடிவு தடுமாறும். ஆனால், அன்றைக்கு இந்த வேலை தெரிந்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். டிசம்பரில் தானே கத்தியை எடுத்தார் பென்ஃபீல்ட். அக்கா விழித்திருந்தார்.

கட்டி நினைத்ததைவிட ஆழமாகப் போயிருந்தது. வலது முன்மூளையின் பெரும்பகுதியையே எடுக்க வேண்டியதாயிற்று. ரத்தம் நிற்காமல் கசிந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்தால் முழுசும் போய்விடுமோ என்ற ஆசை ஒரு பக்கம், அக்கா உயிரே போய்விடுமோ என்ற பயம் மறுபக்கம். கடைசியில், கட்டியின் ஒரு பகுதியை உள்ளேயே விட்டுவிட்டு மூடினார்.

ரூத் பிழைத்தார். வீட்டுக்குப் போனார். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பேச்சு, மரியாதை, நினைவாற்றல் எல்லாம் பழையபடியே இருந்தன. இவ்வளவு மூளையை எடுத்தும் எதுவும் குறையலையே என்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

சமைக்க முடியாத அந்த மாலை

ஆபரேஷன் முடிந்து சுமார் 15 மாதம். தம்பியை விருந்துக்கு அழைத்தார் ரூத். வீட்டு ஆட்கள் நாலு பேர், விருந்தாளி ஒருவர். சாதாரண இரவுச் சாப்பாடு. பெரிய குடும்பத்துக்கே சமைத்துப் பழகியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. ஆசையாகத்தான் ஆரம்பித்தார். நாள் முழுக்க நேரமும் இருந்தது.

சாப்பாட்டு நேரம் வந்தது. சாமான்கள் எல்லாம் சமையலறையில் இருந்தன. ஒன்றிரண்டு பாத்திரங்கள் அடுப்பில் இருந்தன. சாலட் தயாராகவில்லை. இறைச்சியைத் தொடவே இல்லை. நடுவில், குழம்பிப்போய் நின்றுகொண்டிருந்தார் ரூத்.

எதை முதலில் வைப்பது, எது வேகும் நேரத்தில் எதை நறுக்குவது... இப்படி வரிசைப்படுத்துகிற திறமைதான் காணாமல் போயிருந்தது. ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகத் தெரியும். எல்லாவற்றையும் கோத்து ஒரு சமையலாக்கத் தெரியவில்லை. எந்த மருத்துவப் பரிசோதனையிலும் சிக்காத குறை, அடுப்படியில் சிக்கியது. அதைப் பார்த்தவர், அந்தக் குறைக்குக் காரணமான கத்தியைப் பிடித்த அதே தம்பி.

கட்டி மறுபடி வளர்ந்தது. குஷிங் இரண்டாவது ஆபரேஷன் செய்தார். 1931-ல் ரூத் இறந்துபோனார். 1935-ல் பென்ஃபீல்ட் வெளியிட்ட மருத்துவக் கட்டுரையில் அந்தச் சமையலறை நிகழ்ச்சி இடம்பெற்றது. முன்மூளை என்ன செய்கிறது என்று படிக்கும் மாணவர்களுக்கு அது இன்றைக்கும் பாடம்.

பென்ஃபீல்டுக்கு அந்த மரணம் விட்டுச்சென்ற கேள்வி இதுதான்: எவ்வளவு வெட்டலாம், எங்கே நிறுத்தணும்? அதற்கு ஒரு டாக்டர் தனியாகப் பதில் சொல்ல முடியாது என்று அவருக்குத் தோன்றியது. நரம்பு டாக்டர், சர்ஜன், மைக்ராஸ்கோப்பில் செல்லைப் பார்ப்பவர், மனநல ஆய்வாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிற இடம் வேண்டும். ராக்கஃபெல்லர் அறக்கட்டளை 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க, 1934-ல் திறந்தது மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனம். அதே வருஷம் பென்ஃபீல்ட் கனடா குடிமகனும் ஆனார்.

நோயாளிதான் வழிகாட்டி

அங்கே வந்தவர்களில் பலர், எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு நோயாளிகள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் நம்ம ஊரில் இன்னும் இருக்கு. (அதனால் ஒரு பயனும் கிடையாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்க. 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.) அந்தக் காலத்தில் உலகம் முழுக்கவே இந்த நோயாளிகளை ஒதுக்கிவைத்தார்கள். வேலை கிடைக்காது, கல்யாணம் நடக்காது. மூளையைத் திறக்கச் சம்மதித்து அவர்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆபரேஷன் இப்படி நடக்கும். நோயாளி விழித்திருப்பார். மெல்லிய மின்சாரம் பாயும் கம்பியால் மூளையின் மேற்பரப்பில் ஓர் இடத்தைத் தொடுவார் பென்ஃபீல்ட். கட்டைவிரல் துடிக்கும். அந்த இடத்தில் எண் எழுதிய குட்டிச் சீட்டு ஒன்றை வைப்பார். அடுத்த இடம். உதட்டில் குறுகுறுப்பு. இன்னொரு சீட்டு. அடுத்த இடத்தைத் தொட்டதும் பேசிக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று பேச்சு நின்றுபோகும். கம்பியை எடுத்ததும் பேச்சு திரும்பும். அப்படியென்றால் இங்கே கத்தி படக் கூடாது! நோயாளி சும்மா சொல்கிறாரா என்று பார்க்க, சில நேரம் மின்சாரமே இல்லாமல் தொட்டது போலவும் சோதிப்பார்.

வலிப்பு வருவதற்குச் சற்று முன்பு சிலருக்கு ஓர் எச்சரிக்கை வரும். ஏதோ ஒரு வாசனை, வயிற்றில் ஓர் உணர்வு, இனம்புரியாத பயம். கம்பி பட்டு அதே உணர்வு வந்தால், வலிப்பு கிளம்பும் இடம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். இதை வைத்து எடுக்கப்பட்ட ஒரு நிமிடக் குறும்படம் கனடா டி.வி-யில் ஓடி, ரொட்டி கருகும் வாசனை என்றாலே பென்ஃபீல்ட் ஞாபகம் வரும் அளவுக்கு அங்கே பிரபலம்.

மூளையை மின்சாரத்தால் தொட்டுப்பார்த்த முதல் ஆள் இவர் இல்லை. குஷிங், ஃபோர்ஸ்டர் எல்லாம் முன்னோடிகள். ஆனால், நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம், ஒரே முறையில், பொறுமையாகச் சீட்டு வைத்துக் குறிப்பெடுத்துச் சேர்த்தவர் இவர்தான். 1930-களின் இறுதியில் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வந்து சேர்ந்தார். மூளை வெளியிடும் மின் அலைகளைப் பதிவு செய்வதில் கில்லாடி. ஒருவர் தொட்டுக் கேட்பார், இன்னொருவர் மூளை தானாகச் சொல்வதைப் பதிவு செய்வார். ஆபரேஷன் நடக்கும்போதே மூளையைப் படிக்கிற இன்றைய தொழில்நுட்பத்துக்கு அடித்தளம் அந்த அறைதான்.

பெரிய உதடு, பெரிய கை

1937-ல், 163 நோயாளிகளிடம் கிடைத்த தகவல்களை வைத்து பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரியும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு விநோத மனிதனின் படம் இருந்தது. ஹார்டென்ஸ் கேன்ட்லி என்ற ஓவியர் வரைந்தது. சின்ன உடம்பு, ராட்சசக் கைகள், தடித்த உதடு. இதுதான் ஹோமன்குலஸ். குட்டி மனிதன் என்று அர்த்தம்.

ஏன் இந்தக் கோலம்? உடம்பில் எந்த உறுப்பு எவ்வளவு பெரிசு என்பதை இந்தப் படம் காட்டவில்லை. அந்த உறுப்புக்கு மூளை எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. முதுகு எவ்வளவு அகலம்! ஆனால், மூளையில் அதற்குத் துளி இடம். இப்போது இந்தக் கட்டுரையை மேலே தள்ளிக்கொண்டிருக்கிற உங்க கட்டைவிரலுக்குத் தாராளமான இடம். மேப் தலைகீழாகவும் இருக்கும். கால் உச்சியில், முகம் கீழே. வலது கையை ஆட்டிவைப்பது இடது மூளை.

திடீரென்று கேட்ட இசை

காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டுப் பகுதியைத் தொட்டபோது சிலருக்கு நடந்தது பென்ஃபீல்டையே அசரவைத்தது. தியேட்டரில் எந்த வாத்தியமும் இல்லை. நோயாளிக்கு இசை கேட்டது. கம்பியை எடுத்தால் நின்றது. அதே இடத்தைத் தொட்டால் மறுபடி கேட்டது. வேறு சிலருக்குப் பழைய காட்சிகள், தெரிந்தவர்களின் குரல்கள்.

நாம் வாழ்ந்த ஒவ்வொரு நொடியையும் மூளை டேப் ரெக்கார்டர் மாதிரி பதிந்து வைத்திருக்கிறது என்று நம்பினார் பென்ஃபீல்ட். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. அவரே 1963-ல் வெளியிட்ட கணக்குப்படி, அந்தப் பகுதியில் சோதிக்கப்பட்டவர்கள் 520 பேர். இந்த அனுபவம் வந்தது 40 பேருக்குத்தான். அதில் எவ்வளவு நிஜ ஞாபகம், எவ்வளவு கனவு மாதிரியான கலவை என்ற சந்தேகத்தைப் பின்னால் வந்தவர்கள் எழுப்பினார்கள்.

தோல்விகளும் உண்டு. பக்கவாட்டு மூளையின் உட்பகுதியை ஒரு பக்கம் மட்டும் எடுத்த பிறகு, இரண்டு நோயாளிகளுக்குப் புது விஷயம் எதுவுமே நினைவில் தங்காமல் போனது. அதில் ஒருவர் இன்ஜினீயர். பென்ஃபீல்ட் இதை மூடி மறைக்கவில்லை. ஆய்வாளர் பிரெண்டா மில்னருடன் சேர்ந்து, நடந்ததை மருத்துவ மாநாட்டில் எடுத்து வைத்தார். மறுபக்கம் ஏற்கெனவே பழுதாகி இருந்திருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. அந்த இன்ஜினீயர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தபோது அது சரி என்று தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்பே ஒரு பக்க மூளையைச் சில நிமிடம் தூங்கவைத்து, மறுபக்கத்தின் நினைவாற்றலைச் சோதிக்கும் முறை பின்னாளில் மான்ட்ரியலிலேயே வளர்ந்தது.

வேலூருக்கு வந்த வித்தை

இந்தக் கதையில் நமக்கும் ஒரு கண்ணி இருக்கு. கோட்டயத்தில் பிறந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி, மான்ட்ரியலில் பென்ஃபீல்டின் நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர். 1949-ல் வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை ஆரம்பித்தார். 1950-களிலேயே வலிப்புக்கான ஆபரேஷனை அங்கே செய்துகாட்டினார். அக்காவை இழந்த ஒருவர் கட்டிய இடத்தில் கற்ற வித்தை, வேலூர் வரை வந்து சேர்ந்தது.

சிப் வந்த பிறகும்...

1960-ல் கத்தியைக் கீழே வைத்தார் பென்ஃபீல்ட். நாவல் எழுதினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவரை விடாமல் துரத்திய கேள்வி ஒன்று இருந்தது. மின்சாரத்தால் கையை அசைக்க முடிந்தது. ஆனால், அதை நோயாளிகள் தாங்கள் செய்ததாகச் சொல்லவில்லை, டாக்டர் செய்ததாகத்தான் சொன்னார்கள். அசைக்கணும் என்கிற முடிவை எடுக்கவைக்கும் இடம் எதுவும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. மனம் என்பது மூளைக்கு அப்பாற்பட்டதோ என்று முதுமையில் எழுதினார். பல விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. 1976 ஏப்ரல் 5 அன்று, 85 வயதில் மான்ட்ரியலில் மறைந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் சுயசரிதையை முடித்திருந்தார். எந்த மனிதனும் தனியாக எதையும் சாதிப்பதில்லை என்று பொருள்படும் தலைப்பு.

இன்றைக்கு ஸ்கேன், கம்ப்யூட்டர் என்று எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும், பேச்சுக்குப் பக்கத்திலோ கைக்கான இடத்துக்குப் பக்கத்திலோ கட்டி இருந்தால், டாக்டர்கள் இன்றைக்கும் நோயாளியை எழுப்பிவைத்துத்தான் வேலை பார்க்கிறார்கள். 2020-ல் லண்டனில் ஒரு பெண் ஆபரேஷன் நடக்கும்போதே வயலின் வாசித்த வீடியோ வைரலானது நினைவிருக்கலாம். விரல் தடுமாறினால் டாக்டர் கை அங்கேயே நிற்கும். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனத்தின் சிப், கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞருக்குப் பொருத்தப்பட்டது. வைத்த இடம், கை அசைவுக்கான பகுதி. பென்ஃபீல்டின் மேப்பில் அந்த ராட்சசக் கை இருக்கிற ஏரியா!

அந்த மேப்பும் முடிந்த முடிவு இல்லை. 2023-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், கால், கை, வாய் என்ற பகுதிகளுக்கு நடுவே, முழு உடம்பின் அசைவையும் திட்டமிடுவதோடு தொடர்புடைய வேறு பகுதிகள் இருப்பதைக் கண்டுபிடித்து மேப்பைத் திருத்தியிருக்கிறார்கள்.

அடுத்த முறை சிப் வீடியோ பார்க்கும்போது, அதைச் செய்த கம்பெனியோடு சேர்த்து இன்னும் சிலரையும் நினைச்சுக்கோங்க. தலை திறந்த நிலையில், பயத்தை அடக்கிக்கொண்டு, இப்போ விரல் துடிக்குது, இப்போ பேச வரலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்களே, பெயர் தெரியாத அந்த நோயாளிகள். மேப்பில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் அவர்கள் சொல்லி வைத்தது. முதல் புள்ளியை, சமையலறையில் தடுமாறி நின்ற ரூத் வைத்தார்.